லத்திகாவுக்கு நான் சொல்லிக்கொடுத்தது

03.06.2024, திங்கள்

இந்த நோட்டை ரெஜினா மேடம் கொடுத்தார். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து மாதம் இரண்டு முறை லத்திகாவைப் பார்க்க வருகிறவர். "கோர்ட்டு முடியிற வரைக்கும் பிள்ளை என்ன சாப்பிட்டா, எப்படித் தூங்குனா, எதுக்கு அழுதான்னு குறிச்சு வைங்க. எனக்குக் காட்டணும்னு இல்ல. நான் கேக்கும்போது மறக்காம சொல்றதுக்குத்தான்" என்றார். அங்கன்வாடியில் பதினேழு வருஷமாகப் பிள்ளைகளின் எடையும் உயரமும் எழுதி வருகிறேன். எழுதுவது எனக்குப் புதிதில்லை.

லத்திகா. வயது ஏழு, மூன்று மாதம். எடை பத்தொன்பது கிலோ. காலையில் இரண்டு இட்லி. மதியம் சோறும் பருப்பும். அழவில்லை.

லத்திகா என் தம்பி சுயம்புலிங்கத்தின் மகள். அவள் அம்மா மாரிக்கனி போன வருஷம் அக்டோபர் பதினேழாம் தேதி இறந்துபோனாள். குளியலறையில் வழுக்கி விழுந்து மண்டையில் அடி என்று தம்பி சொன்னான். அப்பாதான் அடித்தார் என்று லத்திகா சொன்னாள். அந்த நேரம் வீட்டில் மூன்று பேரைத் தவிர வேறு யாரும் இல்லை. தம்பி இப்போது ஜெயிலில் இருக்கிறான். மாரிக்கனிக்கு அப்பா அம்மா இல்லை. அவளுடைய ஒரே அண்ணன் சூரத்தில் ஏழு பேரோடு ஓர் அறையில் இருக்கிறான். அதனால் குழந்தைகள் நலக் குழு பிள்ளையை என்னிடம் ஒப்படைத்தது. தம்பி பக்கத்து ஆட்கள் யாரும் அவளிடமோ என்னிடமோ வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது, பேசினால் உடனே சொல்ல வேண்டும் என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

இன்றைக்கு இது போதும்.

10.06.2024, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தது. இரண்டாம் வகுப்பு. நடத்தியே கூட்டிப்போனேன். இரண்டு கிலோமீட்டர். மினி பஸ்ஸில் ஏற மாட்டாள். வாந்தி வரும் என்கிறாள்.

நல்ல பிள்ளை. அடம் கிடையாது. தட்டில் போட்டதைச் சாப்பிடுகிறாள், இன்னும் வேண்டும் என்று கேட்பதில்லை. குளிக்கும்போது கதவைச் சாத்தக் கூடாது. நான் வெளியே நின்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால் சோப்பு நுரையோடு வெளியே வந்துவிடுகிறாள். இன்று சத்துமாவில் என்னென்ன சேர்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மாவைப் பற்றி என்னிடம் அவள் பேசியதே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக மறந்து வருகிறாள் என்று நினைக்கிறேன்.

16.06.2024, ஞாயிறு

பெரியண்ணன் தவசிமுத்து வந்தார். பக்கத்து வீடுதான். நான் இருக்கும் வீடும் அவர் பெயரில்தான் இருக்கிறது. கல்யாணம் ஆகாத தங்கச்சிக்கு இருக்க இடம் கொடுத்திருக்கிறார் என்று ஊரில் அவருக்கு நல்ல பெயர். கையில் அல்வாப் பொட்டலம். லத்திகா அவரைக் கண்டதும் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொண்டாள்.

"சம்மன் வந்துட்டாம்லா?"

"அடுத்த மாசம் பதினொண்ணாம் தேதி."

"பிள்ளை என்ன சொல்லுதா?"

"ஒண்ணும் சொல்லல."

"அதான் நல்லது. அங்க போயும் ஒண்ணும் சொல்லாண்டாம். எனக்கு ஞாவகம் இல்லன்னு ஒரு வார்த்தை. சின்னப் பிள்ளை, யாரு என்ன கேக்கப் போறா? போனவ திரும்பி வரப்போறதில்ல. இருக்கவனையாவது வெளிய கொண்டாருவோம்."

"கேஸைப் பத்திப் பேசக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேண்ணே."

"நான் உன்கிட்டல்லா பேசுதேன்." குரலைத் தாழ்த்தினார். "நம்ம வக்கீல் ஒரு கேள்வி வச்சிருக்காரு, தங்கபுஷ்பம். அன்னைக்கு மத்தியானம் ஒங்கம்மா ஒன்னைய எங்க கூட்டிட்டுப் போனான்னு கேப்பாரு. பிள்ளை அதைப் போலீஸ்ல சொல்லல, மாஜிஸ்திரேட்டுகிட்டயும் சொல்லல. முழிக்கும். இதை மறைச்சவ எதையும் மறைப்பான்னு அவரு சொல்லுவாரு. இல்ல, பிள்ளை சொல்லிட்டான்னு வையி, ஓம் பேரு வெளிய வரும். ரெண்டுல எதுன்னு நீயே யோசிச்சுக்கோ."

"அவங்க ரெண்டு பேரும் வந்தது சுயம்புவுக்கு எப்படி..." என்று ஆரம்பித்தேன்.

"எப்படித் தெரியும்னு ஒனக்குத் தெரியாதாக்கும்?"

நான் காபி போட எழுந்து போனேன்.

லத்திகா அல்வாவைத் தொடவில்லை. எறும்பு வந்துவிட்டது. கொட்டிவிட்டேன்.

18.06.2024, செவ்வாய்

ரெஜினா மேடம் போனில் கேட்டார், வீட்டுக்கு யாராவது வந்தார்களா என்று. இல்லை என்றேன்.

05.07.2024, வெள்ளி

மையத்துக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு லத்திகாவை கோர்ட்டுக்குக் கூட்டிப்போனேன். சாட்சி சொல்லும் நாளுக்கு முன்பே பிள்ளை அந்த இடத்தைப் பார்த்துவிட வேண்டுமாம். ரெஜினா மேடம் பின்பக்கக் கேட்டில் காத்திருந்தார். கோர்ட்டு ஹாலுக்குள் போகவே இல்லை. அதற்குப் பின்னால் தனியாக ஒரு அறை. சுவரில் ஒட்டகச்சிவிங்கி வரைந்திருக்கிறது. சின்ன நாற்காலி, கலர் பென்சில், ஒரு கேமரா, ஒரு டிவி.

மேடம் முழங்கால் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். "நீ இங்கதான் உக்காருவ. நான் உன் பக்கத்துல. டிவில ஜட்ஜ் அம்மா தெரிவாங்க. கறுப்பு கவுன் போட மாட்டாங்க, சும்மா சேலைதான். வக்கீல் யாரும் உன்கிட்ட நேராக் கேக்க மாட்டாங்க. அவங்க ஜட்ஜ் அம்மாகிட்ட சொல்வாங்க, அவங்க உனக்குப் புரியிற மாதிரிக் கேப்பாங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லலாம். ஒண்ணுக்கு வந்தா கையைத் தூக்கலாம்."

"எங்கப்பா?"

"உங்கப்பா அந்தப் பெரிய ஹால்ல இருப்பாங்க. அவங்க உன்னை டிவில பாப்பாங்க. நீ அவங்களைப் பாக்க மாட்ட. அவங்க உன்கிட்ட பேசவும் முடியாது."

லத்திகா கேமராவையே பார்த்தாள். "அழுவாங்களா?"

மேடம் அவளைத் தன் பக்கம் திருப்பினார். "அழலாம். அழுதாலும் அது உன்னால இல்ல" என்றார்.

ஊரில் இத்தனை வருஷம் பிள்ளைகளை வளர்க்கிறேன், ஒரு பிள்ளையிடம் யாரும் இப்படி ஒளிக்காமல் பேசிக் கேட்டதில்லை.

என்னை உள்ளே விட மாட்டார்களாம். நானும் ஒரு சாட்சி. அன்று மாரிக்கனியையும் லத்திகாவையும் நான் பார்க்கவே இல்லை, சாயங்காலம்தான் தகவல் தெரியும் என்று போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

11.07.2024, வியாழன்

நடக்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு உடம்பு சரியில்லை என்று வாய்தா. இருபத்தாறாம் தேதிக்குத் தள்ளிப்போட்டார்கள். ஒட்டகச்சிவிங்கி அறையில் மூன்று மணி நேரம் காத்திருந்த பிறகு சொன்னார்கள்.

திரும்பும்போது ரெஜினா மேடம் ஒரு கையெழுத்துக்காக உள்ளே போனார். "பின் கேட்டுலயே நில்லுங்க, வந்துர்றேன்" என்றார். பிள்ளைக்குப் பசிக்கிறதே என்று நான்தான் முன்பக்க டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். ஒரு வடை வாங்கிக் கையில் கொடுத்தேன். அந்த நேரம் போலீஸ் வேனில் ஏற்றுவதற்காக சுயம்புவைக் கூட்டி வந்தார்கள். இளைத்திருந்தான். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தான்.

எங்களைப் பார்த்துவிட்டான். கத்தவில்லை, மிரட்டவில்லை. சிரித்தான்.

"லத்தி, சாப்ட்டியாட்டி?" என்றான்.

லத்திகா தலையை ஆட்டினாள். கையில் இருந்த வடையைத் தூக்கிக் காட்டினாள். போலீஸ்காரர் அவனை வேனுக்குள் தள்ளினார்.

அவள் காலடியில் தரை நனைந்திருப்பதைப் பிறகுதான் பார்த்தேன். வடை அப்படியே கையில் இருந்தது. வீடு வரைக்கும் அதைக் கீழே போடவும் இல்லை, தின்னவும் இல்லை. ஏழு கிலோமீட்டர் ஆட்டோவில் வந்தோம்.

ரெஜினா மேடம் என்னைத் திட்டவில்லை. "பின் கேட்டு எதுக்கு இருக்குன்னு நினைச்சீங்க?" என்று மட்டும் கேட்டார்.

12.07.2024, வெள்ளி

பள்ளிக்கு அனுப்பவில்லை. இரண்டு முறை பாய் நனைந்தது. வெயிலில் போட்டேன். பேசவில்லை.

21.07.2024, ஞாயிறு

தலைக்குக் குளிப்பாட்டி முடியைச் சீவிக்கொண்டிருந்தேன். பத்து நாளில் முதல் தடவையாக அவளாகப் பேசினாள்.

"அத்த, கோர்ட்டுல எல்லாத்தையும் சொல்லணுமா?"

"ஆமா. ஜட்ஜ் அம்மா கேக்கதுக்கெல்லாம் சொல்லணும்."

"பஸ்ஸையுமா?"

சீப்பு என் கையிலேயே நின்றுவிட்டது.

"நீங்க சொல்லாதேன்னு சொன்னீங்கள்லா? அதான் நான் யாருட்டயும் சொல்லல. போலீஸ் அங்கிள்ட்டயும் சொல்லல. ரெஜினா ஆன்ட்டிட்டயும் சொல்லல."

"ம்" என்றேன்.

"சொன்னா ஒங்களையும் ஜெயில்ல போட்ருவாங்களா?"

ரிப்பனைக் கட்டினேன். கட்டு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடியும் கட்டினேன். அடர்த்தியான முடி. மாரிக்கனியின் முடி.

22.07.2024, திங்கள்

இதை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை என்றுதானே கொடுத்தார்கள். எழுதிவிடுகிறேன்.

அன்று அக்டோபர் பதினேழு. பிள்ளைகளுக்குச் சாதம் போட்டு முடித்த நேரம், பன்னிரண்டரை இருக்கும். உதவியாளர் லீவு. மாரிக்கனி மையத்து வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் துணிப்பை, மறு கையில் பள்ளிச் சீருடையோடு லத்திகா. பாதி வகுப்பிலிருந்து கூட்டி வந்திருந்தாள். உதட்டோரம் வீங்கியிருந்தது.

"மயினி, கொஞ்ச நாளு உங்ககூட இருந்துக்கிடுதேன். அவங்க இந்தத் தடவ ஒரு மாதிரி இருக்காங்க. என்னைக் கொன்னுருவேன்னு காலையில சொல்லிட்டுப் போயிருக்காங்க."

"கோவத்துல எல்லா ஆம்பளையும் சொல்லுததுதான்" என்றேன்.

"இல்ல மயினி. கோவமா சொல்லல. சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க."

நான் என்ன நினைத்தேன் என்பதையும் எழுத வேண்டும். பக்கத்து வீட்டில் பெரியண்ணன் இருக்கிறார், தம்பி பெண்டாட்டியைப் பிரித்து வைத்திருக்கிறேன் என்பார் என்று நினைத்தேன். ஊர் என்ன பேசும் என்று நினைத்தேன். சுயம்பு வந்து வாசலில் நின்று கத்துவான், மையத்துப் பெற்றோர்கள் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அவள் உதட்டைப் பற்றி நான் நினைக்கவில்லை. வாரம் ஒரு முறை பிள்ளைகளின் உடம்பில் தழும்பு இருக்கிறதா என்று பார்த்துக் குறிக்கிறவள் நான்.

"ஞாயித்துக்கிழமை நானே வந்து அவன்கிட்ட பேசுதேன். இப்போ வீட்டுக்குப் போ, மாரி. பிள்ளையைப் பசியோட அலைக்கழிக்காத" என்றேன். அவள் அழவில்லை. பையை எடுத்துக்கொண்டாள். ஒன்று பத்து மினி பஸ்ஸில் நான்தான் ஏற்றிவிட்டேன். கண்டக்டரிடம் இரண்டு டிக்கெட்டும் நானே எடுத்தேன். லத்திகா ஜன்னல் வழியாகக் கை காட்டினாள்.

பிறகு மையத்துக்குத் திரும்பினேன். பிள்ளைகளைப் படுக்க வைத்தேன். மூன்று மணிக்கு எடை போட்டேன். நாலரைக்குப் பெரியண்ணன் போன் செய்தார்.

ஆஸ்பத்திரியில் லத்திகா என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போலீஸ் வருவதற்கு முன்னால் அவள் காதில், நாம மத்தியானம் பாத்துக்கிட்டதை யார்கிட்டயும் சொல்லாத, சொன்னா அத்தைக்குக் கஷ்டமாயிரும் என்று சொன்னேன். தலையை ஆட்டினாள். ஒன்பது மாதமாக அந்தப் பிள்ளை அதைக் காப்பாற்றி வருகிறது.

24.07.2024, புதன்

ரெஜினா மேடத்தின் அலுவலகத்துக்கே போய்ச் சொன்னேன். பெரியண்ணன் வந்ததையும், பஸ்ஸையும். அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு அரசு வக்கீலுக்குப் போன் போட்டார்.

"போலீஸ்ல பொய்யா எழுதிக் குடுத்ததுக்கு உங்க மேல நடவடிக்கை வரலாம். அது தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"ஆமா மேடம்."

"பிள்ளையை உங்ககிட்ட விடுறதைப் பத்தியும் குழு திரும்ப யோசிக்கும்."

அதை நான் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.

"இப்போ அந்தப் பிள்ளைக்கு நீங்க போட்ட பூட்டை நீங்கதான் திறக்கணும். என் முன்னாடி. இதைச் சொல்லு, அதைச் சொல்லுன்னு சொல்லிக்குடுக்கக் கூடாது. எதையும் மறைக்க வேண்டாம்னு மட்டும் சொல்லுங்க."

25.07.2024, வியாழன்

மேடம் வீட்டுக்கு வந்தார். லத்திகாவை எதிரே உட்கார வைத்துச் சொன்னேன்.

"நான் அன்னைக்கு ஆஸ்பத்திரியில சொல்லாதேன்னு சொன்னேம்லா, அது தப்பு. இனி எதையும் மறைக்காண்டாம்."

"பஸ்ஸைச் சொல்லலாமா?"

"சொல்லலாம். நான் சொல்லாதேன்னு சொன்னதையும் சொல்லலாம்."

"அப்போ நீங்க?"

"என்னைய நான் பாத்துக்கிடுதேன்."

"எல்லாத்தையும்னா, எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டாள். இந்த வீட்டில் அவளாக ஒன்றைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

26.07.2024, வெள்ளி

பின் கேட்டு வழியாகப் போனோம். தம்பியை ஏற்கெனவே உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். அறைக் கதவைப் பதினொன்று பத்துக்குச் சாத்தினார்கள். நான் வராந்தாவின் மறு கோடியில் ஒரு பெஞ்சில். ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. இரண்டு முறை கதவு திறந்தது. ஒரு முறை பாத்ரூமுக்கு, ஒரு முறை பிஸ்கட் சாப்பிட. இரண்டு தடவையும் லத்திகா என் பக்கம் திரும்பவில்லை. ஒன்று நாற்பதுக்கு முடிந்தது.

"நல்லாச் சொன்னா. திரும்ப அவளைக் கூப்பிட மாட்டாங்க" என்றார் ரெஜினா மேடம். "என்ன சொன்னான்னு நான் உங்ககிட்ட சொல்லக் கூடாது. நீங்க இன்னும் சாட்சி சொல்லல." அவர் என்னைப் பார்த்த பார்வையில் என்னவோ மாறியிருந்தது.

லத்திகா வீட்டுக்கு வந்து மூன்று தோசை சாப்பிட்டாள். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

02.08.2024, வெள்ளி

குழுவில் ஐந்து பேர். பெரியண்ணன் வந்ததை நான் மறைத்தது, பிள்ளையிடம் சொல்லாதே என்று சொன்னது, டீக்கடைக்குக் கூட்டிப்போனது, எல்லாம் அவர்கள் முன்னால் காகிதத்தில் இருந்தன. எதையும் மறுக்கவில்லை. லத்திகா இனி மாவட்டத்திலுள்ள ஒரு பெண் குழந்தைகள் இல்லத்தில் தங்கிப் படிப்பாள். இரண்டாம் சனிக்கிழமைகளில் நான் போகலாம். அவள் விரும்பினால் மட்டும் பார்ப்பாள்.

அவளுடைய துணிகளை மடித்து வைத்தேன். தலைக்கு எண்ணெய் வைத்துப் படுக்க வைத்தால்தான் தூங்குவாள், குளிக்கும்போது கதவைச் சாத்தக் கூடாது, யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி ரெஜினா மேடத்திடம் கொடுத்தேன்.

லத்திகா அழவில்லை. நானும் பிள்ளை முன்னால் அழவில்லை.

14.08.2024, புதன்

என் முறை.

எனக்குத் திரை இல்லை, கேமரா இல்லை. ஹாலில் கூண்டில் ஏறி நின்றேன். பத்தடி தூரத்தில் சுயம்பு. பெஞ்சில் பெரியண்ணன். என் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான், எனக்கும் அவனுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

அரசு வக்கீல் ஒரு அம்மா, அவர் கேட்டார். மாரிக்கனி வந்ததைச் சொன்னேன், அவள் சொன்னதைச் சொன்னேன், நான் சொன்னதைச் சொன்னேன். போலீஸில் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டேன்.

"பஸ்ல ஏத்திவிட்ட பிறகு என்ன செஞ்சீங்க?"

மையத்துக்குத் திரும்பினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். இந்த நோட்டிலும் அப்படித்தானே எழுதியிருக்கிறேன். சுயம்பு என்னைப் பார்த்து மெல்லத் தலையை அசைத்தான். வேண்டாம் என்கிறான். அது எனக்காகவா, அவனுக்காகவா என்று தெரியவில்லை. வக்கீல் அம்மா கையில் ஒரு தாள் இருந்தது, வரிசை வரிசையாகப் போன் நம்பர்கள். அதைப் பார்த்ததனால்தான் சொன்னேனா, பார்க்காவிட்டாலும் சொல்லியிருப்பேனா? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டேன். தெரியவில்லை.

"என் தம்பிக்குப் போன் பண்ணுனேன்."

"என்ன சொன்னீங்க?"

"ஒம் பெண்டாட்டி பெட்டி படுக்கையோட இங்க வந்துட்டா. புத்தி சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன், ஒண்ணு பத்து பஸ்ல வாரா. அடிக்காத, நல்லபடியாப் பேசுன்னு சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"சரிக்கான்னு சொன்னான்."

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "வீட்டு வாசல்ல அப்பா நின்னாரு, அக்கா போன் போட்டுச் சொல்லிட்டா, எங்க ஓடப் பாத்தேன்னு கேட்டுக்கிட்டே அம்மாவை உள்ள இழுத்தாருன்னு அந்தக் குழந்தை சொல்லியிருக்கு. இப்போ நீங்களும் போனைப் பத்திச் சொல்றீங்க. ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்திருக்கீங்க, அதானே?"

அதற்கு என்ன பதில் சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. இல்லை என்று சொல்லியிருப்பேன். அவர் சொன்னதில் வேறொன்றுதான் என் காதில் நின்றது. லத்திகாவுக்குத் தெரியும். போன் போட்டது நான்தான் என்று முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டுதான் ஆஸ்பத்திரியில் என் சேலையைப் பிடித்தாள். தெரிந்துகொண்டுதான் ஒன்பது மாதம் நான் போட்ட சோற்றை இன்னும் வேண்டும் என்று கேட்காமல் தின்றாள். அவள் பிடித்துக்கொள்ள வேறு சேலை இல்லை.

வீட்டுக்கு வந்தபோது என் சாமான்கள் வாசலில் இருந்தன. பெரியண்ணன் கதவில் புதுப் பூட்டுப் போட்டிருந்தார்.

19.08.2024, திங்கள்

மையத்துக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டில் ஒற்றை அறை கிடைத்தது. பெற்றோர் சிலர் பிள்ளைகளை அனுப்பவில்லை. இன்று பதினொரு பேர்தான். சாதம் மீந்தது.

14.09.2024, சனி

இல்லத்துக்குப் போனேன். வரவேற்பறையில் ஒன்றரை மணி நேரம் இருந்தேன். வாசல் வரை வந்தாளாம், பிறகு வேண்டாம் என்று போய்விட்டாளாம். அங்குள்ள அம்மா சங்கடத்தோடு சொன்னார். "நல்லா இருக்கா. எடை ஒண்ணரைக் கிலோ கூடியிருக்கு" என்றார். அது போதும் என்று எழுந்து வந்தேன்.

30.09.2024, திங்கள்

தீர்ப்பு. சுயம்புவுக்கு ஆயுள் தண்டனை. மேல் கோர்ட்டுக்குப் போவோம் என்று பெரியண்ணன் வராந்தாவில் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சுயம்பு என்னைப் பார்க்காமலே வேனில் ஏறினான். என் தம்பிதானே. ஒரு மரத்தடியில் போய் நின்று அழுதேன். மாரிக்கனிக்காக நான் இதுவரை இப்படி அழுததில்லை என்பது அழுது முடித்த பிறகுதான் உறைத்தது.

இனிமேல் சொல்லலாம் என்று ரெஜினா மேடம் தீர்ப்பின் இரண்டு பக்கங்களைப் படித்துக் காட்டினார். ஒரு பத்தியை நகலெடுத்து வந்தேன்:

"குழந்தைச் சாட்சியின் புரிந்துகொள்ளும் திறனை அறியும் பொருட்டு, பொய் சொன்னால் என்ன ஆகும் என இந்நீதிமன்றம் வினவியதற்கு, சொன்னவர்களுக்கு ஒன்றும் ஆகாது, மற்றவர்களுக்குத்தான் ஆகும் என்று சாட்சி பதிலளித்தார். சாட்சிக்கு அத்தை சொல்லிக்கொடுத்து அழைத்து வந்துள்ளார் என்ற எதிர்த்தரப்பு வாதம் குறித்து வினவியபோது, அத்தை சொல்லிக்கொடுத்தது உண்மை, ஆனால் சொல்லாதே என்றுதான் சொல்லிக்கொடுத்தார் என்று கூறியுள்ளார். இச்சாட்சியத்தை நம்பாமலிருக்க இந்நீதிமன்றத்திற்குக் காரணம் ஏதும் தென்படவில்லை."

"அந்த ஒரு பதில்தான் கேஸைத் தூக்கி நிறுத்துச்சு" என்றார் மேடம். என்னைத் தேற்றுவதற்காக அவர் சொல்லவில்லை. நானும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

12.10.2024, சனி

வந்தாள்.

உயரமாகிவிட்ட மாதிரி இருந்தது. பெஞ்சின் மறு ஓரத்தில், நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் விட்டு உட்கார்ந்தாள். கதவுப் பக்கம் முகம். கொண்டுபோன முறுக்கை எடுத்துக்கொண்டாள். ஸ்கூல் பிடித்திருக்கிறதா என்றேன், ம் என்றாள். யாரோடு படுத்துக்கொள்கிறாய் என்றேன், பெயரைச் சொன்னாள். ஜன்னலுக்கு வெளியே பெண்கள் ரிங்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அத்த, எங்களைய ஏன் அனுப்புனீங்க?"

இதற்கு நான் நிறையப் பதில்கள் யோசித்து வைத்திருந்தேன். அவன் அப்படிச் செய்வான் என்று தெரியாது, நல்லதுக்குத்தான் செய்தேன், குடும்பம் உடையக் கூடாது என்று நினைத்தேன். வரும் வழியில் பஸ்ஸிலும் யோசித்தேன். அவள் முறுக்கைக் கடிக்காமல் காத்திருந்தாள்.

"பயமா இருந்துச்சு" என்றேன். "பெரியப்பா என்ன சொல்லுவாரோ, ஊருல என்ன பேசுவாங்களோன்னு பயம். ஒங்கம்மா பயந்துபோய் வந்து நின்னா. நான் எனக்காகப் பயந்தேன்."

லத்திகா அதை யோசித்தாள். அவசரப்படாமல், பள்ளிக்கூடத்தில் கணக்கைச் சரிபார்ப்பதுபோல.

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு" என்றாள். "நான் சொன்னேம்லா."

மணி அடித்தது. எழுந்து, முறுக்குப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, உள்ளே போனாள்.